பூட்டும் சாவியும்: ஒரு மருத்துவ வரலாறு



செங்கல்பட்டு வண்டியில் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி வந்து விலங்கியல் படித்த நமக்கெல்லாம் ஹார்மோன் பாடம் மறந்திருக்காது. அதற்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. அதில் நம்ம மெட்ராஸில் பிறந்த ஒரு பெண்மணிக்கும் பங்கு உண்டு.

கிளாஸ்கோ நகர மருத்துவர் ஜார்ஜ் பீட்ஸன், மார்பகப் புற்று முற்றிய ஒரு பெண்ணின் சூலகங்களை அகற்றினார். கட்டி சுருங்கியது! 1896-ல் இதை வெளியிட்டார். ஆனால் இந்தச் சிகிச்சை சிலருக்குத்தான் பலித்தது. ஏன் என்பது அன்று யாருக்கும் புரியவில்லை.

விடை கிடைக்க அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனைப் பின்தொடர்ந்து போய், அதைப் பிடித்துவைக்கும் புரதம் சில செல்களில் இருப்பதைக் கண்டார். அதுதான் ஏற்பி. ஹார்மோன் சாவி என்றால் ஏற்பி பூட்டு. சாவி திரும்பினால் 'பெருகு' என்று செல்லுக்கு உத்தரவு போகும். இந்தப் பூட்டு உள்ள புற்றுக்கே பீட்ஸன் வைத்தியம் பலிக்கும். 1970-களில் புழக்கத்துக்கு வந்த டமாக்ஸிஃபென், பூட்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும் போலிச் சாவி.

1938-ல் மெட்ராஸில் பிறந்த சியாமளா கோபாலன், தில்லி லேடி இர்வின் கல்லூரியில் ஹோம் சயின்ஸ் படித்தவர். 'சமையல் படிப்புதானே' என்று சொல்லுவார்களே, அதேதான்! 19 வயதில் பெர்க்லி போய், 1964-ல் டாக்டர் பட்டம் பெற்றார். புரொஜெஸ்டிரோன் ஏற்பியைப் பற்றிய ஆராய்ச்சியில் பெயர் பெற்றார். ஈஸ்ட்ரோஜன் பூட்டு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு இந்த இரண்டாவது பூட்டு ஓர் அடையாளம். 2009-ல் குடல் புற்றுநோயால் காலமானார். அமெரிக்கத் துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸின் தாய் என்றுதான் நம்மவர்களில் பலருக்கு இவரைத் தெரியும். ஆராய்ச்சியாளர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மூன்றாவது பூட்டு ஹெர்-2. இது செல்லின் மேல்பரப்பில் இருப்பது. சில புற்றுகளில் அளவுக்கு மீறிப் பெருகிவிடும். அதைத் தடுக்கும் டிராஸ்டுஸுமாப் 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2014-ல் அதற்கு இணையான மருந்தை இந்தியக் கம்பெனியே விற்பனைக்குக் கொண்டுவந்தது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறில் மருத்துவமனை தொடங்கினார். அன்று இந்தப் பூட்டுகளைப் பற்றி எவருக்கும் தெரியாது. இன்று தெரியும். தெரிந்தும் கேட்காமல் இருக்கலாமா? அக்கா, அம்மா, பக்கத்து வீட்டு மாமி, யாராக இருந்தாலும் மார்பில் கட்டி என்றால் கூச்சப்படாமல் உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். புற்று என்று தெரிந்தால், பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். எந்தச் சாவி என்பதை டாக்டர் அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்.