கடைசி ஆளின் நேரமும் எழுதப்பட்ட நோட்டு

 

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். உடம்பெல்லாம் புழுதி. முழங்கையில் சிராய்ப்பு. கையில் பிடித்திருந்த சைக்கிளின் ஹேண்டில்பாரில் ஒரு எண் அட்டை. படத்துக்குக் கீழே ஒரே வரி: "58 பேரில் 51-வதாக வந்தேன் சார்."

கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். வயது நாற்பத்தாறைத் தாண்டிவிட்டது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஆனால் 1990-91-ல் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வருவானே, அவன்தான்.

போனில் கூப்பிட்டேன். "என்னடா இது, இந்த வயசுல?" என்றேன். சிரித்தான். மலையில் சைக்கிள் ஓட்டும் போட்டியாம். மவுன்டன் பைக்கிங் என்கிறார்கள். அதில் முக்கியமான வகைகள் இரண்டு. ஒன்று கிராஸ் கன்ட்ரி. எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டு, காட்டுப் பாதையில் ஏறியும் இறங்கியும் பல சுற்று வரவேண்டும். மற்றொன்று டவுன்ஹில். மலை உச்சியிலிருந்து ஒவ்வொருவராகக் கீழே இறங்கவேண்டும். கடிகாரம்தான் எதிராளி. அவன் இரண்டிலுமே பெயர் கொடுக்கிறான். பரிசுப் பணம் கிடையாது. நுழைவுக் கட்டணமும் இவன்தான் கட்டுகிறான்.

"ஏத்தத்துல நெஞ்சு வாய்க்கு வந்துடும் சார். என்னைவிட பதினஞ்சு வயசு மூத்த அம்மா ஒருத்தர் 'நல்லா ஓட்டுறே'ன்னு சொல்லிட்டே என்னைத் தாண்டிப் போனாங்க. டவுன்ஹில்ல வேற மாதிரி. மூணு நாலு நிமிஷந்தான். பிரேக் பிடிச்சுப் பிடிச்சு விரல் மரத்துப் போயிடும். பாறை குவிஞ்சு கிடக்கிற ஓர் இடத்துல எனக்குத் தைரியம் வரல. இறங்கித் தள்ளிக்கிட்டே வந்தேன். அடுத்த வருஷம் ஓட்டிடுவேன்."

பிறகு சாதாரணமாகத்தான் சொன்னான்: "நீங்க அன்னைக்கு வேண்டாம்னு சொன்னீங்க இல்ல சார், அதான் இப்ப ஓட்டுறேன்."

எனக்குச் சுருக்கென்றது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு வேறென்ன வேலை? இந்தப் போட்டி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். பாடக்குறிப்பு எழுதுவதுபோல் நோட்டில் குறித்தும் வைத்தேன். அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடக்கே போனால் மரீன் என்ற மாவட்டம். அங்கே ஒரு மலை, பெயர் டமல்பாய்ஸ். கேட்டதும் தமிழ்ப் பெயரோ என்று எனக்கும் ஆசை வந்தது. இல்லை. அது அந்த மண்ணின் பூர்வகுடிகளான கோஸ்ட் மிவோக் மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர். ஒலி ஒன்றாக இருந்தால் உறவு ஆகிவிடாது என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன்.

1970-களின் தொடக்கத்தில் அந்தப் பக்கத்து இளைஞர்கள் சிலர் பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். அமெரிக்காவில் ஷ்வின் நிறுவனம் 1933-ல் தடித்த பலூன் டயர் வைத்த சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேப்பர் போடும் பையன்கள் ஓட்டிய வகை வண்டிகள். நாற்பது ஆண்டு கழித்து அவை பழைய சாமான் கடைகளில் சில டாலருக்குக் கிடைத்தன. எடை 20 கிலோ அளவு இருக்கும். மட்கார்டு, விளக்கு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு மலைக்குக் கொண்டுபோனார்கள். மெல்லிய டயர் வைத்த பந்தய சைக்கிள் போக முடியாத மண்பாதையில் இந்தத் தடித்த டயர் போனது. 'கிளங்கர்' என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் 'ஓட்டை வண்டி' என்போமே, அதுபோல.

இவர்கள் யார்? கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் போன்றவர்கள் சாலைப் பந்தயங்களில் ஓட்டியவர்கள். சார்லி கெல்லி ஒரு ராக் இசைக்குழுவின் ஒலிபெருக்கி, கருவிகளைத் தூக்கி ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். மலையில் இறங்குவதற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. எல்லோரும் பொழுதுபோக்காக ஓட்டியவர்கள்தான்.

நண்பர்கள் கூடினால் என்ன வரும்? "நான்தான் வேகம்", "இல்லை, நான்தான்" என்ற சண்டை வரும். அதைத் தீர்க்க 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபேக்ஸ் என்ற சிற்றூருக்கு மேற்கே ஒரு தீத்தடுப்பு மண்பாதையில் போட்டி வைத்தார்கள். தூரம் சுமார் இரண்டு மைல். அதற்குள் 1,300 அடி இறக்கம். நாலு மாடிக் கட்டடத்தை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமார் முப்பது அடுக்கினால் வரும் உயரம் அது. உச்சியில் ஒரு கடிகாரம், அடிவாரத்தில் ஒரு கடிகாரம். இரண்டையும் ஒரே நேரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு, இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்பினார்கள். முதல் போட்டியில் வென்றவர் ஆலன் பாண்ட்ஸ். விழாமல் வந்து சேர்ந்தவர் அவர் ஒருவர்தான் என்று சொல்வார்கள்.

இந்தப் போட்டிக்கு 'ரீபேக்' என்று பெயர். ஏன் தெரியுமா? அந்தப் பழைய வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் நடுவே இருக்கும் பிரேக் பிடிக்கும். இரண்டு மைல் இறங்குவதற்குள் அது கொதித்து, உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் பிரித்து மறுபடியும் கிரீஸ் அடைக்கவேண்டும். 'மறுபடி அடைப்பது' என்பதுதான் ரீபேக்.

1976-லிருந்து 1984 வரை, நடுவில் சில ஆண்டுகள் விட்டு, மொத்தம் 24 முறை இந்தப் போட்டி நடந்தது. மிகக் குறைந்த நேரம் கேரி ஃபிஷருடையது, 4 நிமிடம் 22 விநாடி. அடுத்தது ஜோ பிரீஸ், 4 நிமிடம் 24 விநாடி. பெண்களில் வெண்டி கிராக் 5 நிமிடம் 27 விநாடியில் இறங்கினார். அந்தக் காலத்தை நாம் இன்று படங்களில் பார்க்க முடிகிறது என்றால் அதற்குக் காரணமும் அவர்தான். அந்த மலையில் கேமராவோடு அலைந்தவர் அவர்.

என்னை நிறுத்தியது வேறொரு செய்தி. சார்லி கெல்லி ஒரு நோட்டு வைத்திருந்தார். வந்தவர் பெயர், இறங்கிய நேரம் என எல்லாவற்றையும் அதில் எழுதினார். முதல் மூன்று பேரை மட்டுமல்ல, மெதுவாக இறங்கியவரையும் எழுதினார். அதனால்தான் அரை நூற்றாண்டு கழித்தும், யாரும் கேள்விப்படாத ஓர் ஆள் எத்தனை நிமிடத்தில் இறங்கினான் என்று நம்மால் தெரிந்துகொள்ள முடிகிறது.

அந்த எண்களுக்கு ஒரு பயன் இருந்தது. நேரம் எழுதப்பட்டதும், அடுத்த முறை அதைக் குறைக்கவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தோன்றும். பிரேக் எரிகிறதா, வேறு பிரேக் போடு. இரும்புச் சட்டம் முறிகிறதா, உறுதியான சட்டம் செய். கைப்பிடிக்கு மோட்டார் சைக்கிள் பிரேக் லீவரை மாட்டு. மலையேற வண்டியைத் தள்ள வேண்டியிருக்கிறதா, கியர் வை. இப்படித்தான் பழைய சாமான் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. 1977-ல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே புதிதாக ஒரு சைக்கிளைச் செய்தார். அதே வரிசையில் மொத்தம் பத்து வண்டிகள். முதல் வண்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979-ல் ஃபிஷரும் கெல்லியும் சேர்ந்து 'மவுன்டன் பைக்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார்கள். சட்டங்களைச் செய்து கொடுத்தவர் டாம் ரிச்சி. 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்ப்பர், ஜப்பானில் மொத்தமாகச் செய்யப்பட்டுக் கடைகளுக்கு வந்தது. இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் 'கியர் வண்டி' கேட்டு அடம்பிடிக்கிறார்களே, நேரான ஹேண்டில்பாரும் தடித்த டயரும் வைத்தது, அதற்கு மூதாதை இந்த வண்டிகள்தான்.

கியர் வந்ததும் மலையேறவும் முடிந்தது. இறங்குவது மட்டுமே போட்டியாக இருந்த இடத்தில், ஏறி இறங்கும் கிராஸ் கன்ட்ரி வளர்ந்தது. 1983-ல் அமெரிக்காவில் இதற்கென்று நோர்பா என்ற அமைப்பு ஏற்பட்டது. 1990 செப்டம்பரில் கொலராடோ மாநிலத்து டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி நடந்தது. கிராஸ் கன்ட்ரியில் ஆண்கள் பிரிவில் வென்றவர் நெட் ஓவரெண்ட், அதே ஊரில் குடியிருந்தவர். வயது 35. பெண்கள் பிரிவில் ஜூலி ஃபுர்டாடோ. டவுன்ஹில்லில் அமெரிக்காவின் கிரெக் ஹெர்போல்டும் கனடாவின் சிண்டி டிவைனும் வென்றார்கள்.

இந்த ஜூலி ஃபுர்டாடோவைப் பற்றி நம் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. பனிச்சறுக்கு வீராங்கனையாக இருந்தவர். முழங்கால் கெட்டுப்போய் அதை விடவேண்டி வந்தது. பிறகுதான் சைக்கிளுக்கு வந்தார். 1990-ல் கிராஸ் கன்ட்ரி உலகப் பட்டம், 1992-ல் டவுன்ஹில் உலகப் பட்டம். ஏறுவதிலும் முதல், இறங்குவதிலும் முதல். பின்னர் லூபஸ் என்ற நோய் வந்து 1997-ல் ஓய்வு பெற்றார். ஆண்களில் ஜான் டோமாக் 1991-ல் கிராஸ் கன்ட்ரியில் தங்கமும் டவுன்ஹில்லில் வெள்ளியும் வாங்கினார், ஒரே உலகப் போட்டியில்.

அப்புறம் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. கிராஸ் கன்ட்ரிக்கு எடை குறைந்த வண்டி, டவுன்ஹில்லுக்கு நீண்ட ஷாக் அப்சர்பர் வைத்த கனத்த வண்டி, முகத்தையும் மூடும் ஹெல்மெட். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி சேர்க்கப்பட்டது. நெதர்லாந்தின் பார்ட் பிரென்ட்யென்ஸும் இத்தாலியின் பாவ்லா பெட்சோவும் முதல் தங்கப் பதக்கங்களை வாங்கினார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பிறந்த டவுன்ஹில்லுக்கு ஒலிம்பிக்கில் இன்றுவரை இடமில்லை. மூத்த பிள்ளை வாசலில் நிற்கிறான், இளையவன் பந்தியில் உட்கார்ந்துவிட்டான்.

வேகம் வந்தால் வம்பும் வரும். நடப்பவர்களும் குதிரையில் போகிறவர்களும் புகார் செய்தார்கள். இந்த விளையாட்டு பிறந்த மரீன் மாவட்டத்திலேயே பல ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளுக்குத் தடை. மண்பாதைகளில் மணிக்கு 15 மைலுக்கு மேல் போகக்கூடாது. ஃபிஷரின் அந்த 4 நிமிடம் 22 விநாடியை இன்று யாராவது அதே பாதையில் முயன்றால் அபராதம்தான்.

இன்று முழுநேர வீரர்கள் பெரும்பாலும் ஒன்றில்தான் கவனம் வைக்கிறார்கள். காசு கட்டி ஓட்டுகிற, 51-வதாக வருகிற என் மாணவனைப் போன்றவர்கள்தான் மலையேறவும் பெயர் கொடுக்கிறார்கள், இறங்கவும் பெயர் கொடுக்கிறார்கள். ஃபேர்ஃபேக்ஸில் தொடங்கியவர்களும் அவனைப் போன்றவர்கள்தானே?

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1991 பிப்ரவரி. பள்ளி விளையாட்டு விழா. சைக்கிள் பந்தயத்துக்கு நான்தான் பொறுப்பு. பள்ளி வாசலிலிருந்து ஏரிக்கரை வரை போய்த் திரும்பி வரவேண்டும். இவனும் பெயர் கொடுத்தான். மற்றவர்கள் சீட்டில் உட்கார்ந்து ஓட்ட, இவன் குரங்குப் பெடலில் வந்தான். எல்லோரும் வந்து, பரிசு கொடுத்து, கூட்டம் கலைகிற நேரத்தில் தனியாக வந்து சேர்ந்தான். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "சார், என் நேரம் எவ்வளவு சார்?" என்று கேட்டான்.

நான் பார்த்திருக்கவில்லை. முதல் மூன்று பேர் பெயரை எழுதியதும் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டேன். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, "உனக்கு இதெல்லாம் சரிப்படாதுடா. அடுத்த வருஷம் பேர் குடுக்காதே. போய்ப் படி" என்றேன். அவனும் அடுத்த வருஷம் பெயர் கொடுக்கவில்லை. அதைக்கூட நான் அன்று கவனிக்கவில்லை.

அவன் கெட்டுப்போகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகளை நெருங்கியும் அந்தச் சொல் அவன் நினைவில் இருக்கிறது. இத்தனை ஆண்டுப் பணியில் இப்படி எத்தனை பேருக்குச் சொன்னேனோ?

போன வாரம் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அய்யோ சார், விடுங்க சார்" என்றான். பேச்சை மாற்ற, அந்த ஏரிக்கரை ரோடு இன்னும் மண்ரோடாகத்தான் இருக்கிறதா என்று கேட்டான். தார் போட்டுவிட்டார்கள் என்றேன். கொஞ்சம் வருத்தப்பட்டான்.

கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் அவன் பெயரும் போட்டித் தேதியும் 51 என்ற எண்ணும் எழுதிவிட்டேன். அன்றைய அவன் நேரத்தையும் கேட்டு எழுதினேன், விநாடி உட்பட. அடுத்த போட்டி முடிந்ததும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான்.

என்னிடம் படித்து, விளையாட்டு விழாவில் ஓடியும் பரிசு வாங்காதவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எந்த வருஷம், எந்தப் பந்தயம் என்று கீழே எழுதுங்கள். நினைவிருக்கும் வரை எழுதினால் போதும். நோட்டில் இன்னும் முப்பத்தொன்பது பக்கம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்.