கணினியின் மூலையில் கிடக்கும் இரும்புப் பெட்டி

யாழ்ப்பாணத்தில் 1990இல் மின்சாரம் நின்றுபோனது. அடுத்துவந்த ஆண்டுகளில் பற்றரி வாங்கவும் வழியிருக்கவில்லை. அது தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. இரவில் பிபிசி தமிழோசை கேட்பதற்காகச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவின் வயர்களை வானொலியில் பொருத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றுவோம். சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் மங்கிவிடும். முக்கியமான செய்தி வரும்போதெல்லாம் கை சோர்வது எங்கள் வீட்டு வழக்கம். மின்சாரம் இருப்பது வேறு, அது சீராக இருப்பது வேறு என்பதை நான் கற்றது அந்தச் சைக்கிள் சக்கரத்திடம்.

கலைப்பட்டதாரியான ஒரு பத்திரிகைக்காரன் கணினியின் மின்வழங்கியைப் பற்றி எழுதுவதேன் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அதற்கு என்னிடம் ஒரு சொந்தக் கதை இருக்கிறது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில், ஒரு பையில் கொண்ட குறிப்புப் புத்தகங்களோடு வீட்டைவிட்டுப் புறப்பட்டேன். அலுமாரி நிறைய இருந்த பத்திரிகை நறுக்குகளை மீண்டும் காணவில்லை. பின்னர் கொழும்பில் வேலை செய்த காலத்தில், இனியொருமுறை அப்படி இழப்பதில்லை என்ற வைராக்கியத்தோடு, கையில் கிடைத்த கடதாசியையெல்லாம் ஸ்கான் செய்து கணினியில் சேர்க்கத் தொடங்கினேன். பேட்டி ஒலிநாடாக்களும் புகைப்படங்களும் சேர்ந்தன. கடைசியில் வீட்டிலேயே ஒரு சிறிய சேமிப்புக் கணினி அமைத்தேன். ஒரே கோப்பு இரண்டு வன்தட்டுகளிலும் பதிவாகும். ஒன்று பழுதானால் மற்றது இருக்கும்.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியது நினைவிருக்கலாம். அந்த நாள்களில் ஒருநாள் மின்சாரம் திரும்பியபோது கணினிக்குள் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. கருகிய மணம் வந்தது. இரண்டு வன்தட்டுகளும் ஒரே கணத்தில் செத்துப்போயின. கழற்றிப் பார்த்த திருத்துநர், மின்வழங்கிக்குள் இருக்கவேண்டிய பாதுகாப்புச் சுற்று அங்கே இல்லவே இல்லை என்று காட்டினார். ரொறன்ரோவிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் கேட்டான்: “மாமா, வன்தட்டுக்கு எவ்வளவு செலவழிச்சனீங்கள்? பவர் சப்ளைக்கு எவ்வளவு?” பவர் சப்ளை கணினிப் பெட்டியோடு சும்மா வந்தது என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பிறகுதான் அந்த இரும்புப் பெட்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

சுவரிலிருந்து வருவது 230 வோல்ற் ஆடலோட்ட மின்சாரம். கணினிக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ற் அளவிலான நேரோட்ட மின்சாரம். பழைய மின்வழங்கிகள் கனத்த இரும்பு மின்மாற்றியால் அழுத்தத்தைக் குறைத்து, தேவைக்கு மேற்பட்டதை வெப்பமாக எரித்துத் தள்ளிவிட்டு, மிஞ்சியதைச் சீராகக் கொடுத்தன. உள்ளே போகும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி சூடாகவே வீணாகும். பெட்டியும் கல்லுப்போலக் கனக்கும்.

இதற்கு மாற்றுவழி, மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுப்பது. அவ்வளவு வேகமாக வெட்டப்படும் மின்சாரத்துக்கு விரலளவு மின்மாற்றியே போதும். வெளியே அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு துடிப்பின் நேரமும் நீளும், கூடினால் குறுகும். எங்கள் வீட்டில் சைக்கிளைச் சுற்றியவரின் கைக்கு இல்லாத நிதானம் அது. 1960களில் விண்வெளி, இராணுவத் தேவைகளுக்கே இந்த முறை பெரிதும் பயன்பட்டது. மலிவான, வேகமான திரான்சிஸ்ரர்கள் வந்ததும் 1970களில் சாதாரணக் கருவிகளுக்கும் இறங்கிவந்தது. வெட்டும் வேலையைக் கட்டுப்படுத்தும் ஒருங்கிணைந்த சில்லு 1976இல் சிலிக்கன் ஜெனரல் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. அதை வடிவமைத்தவர் பொப் மமானோ.

1977இல் வெளியான அப்பிள் 2 கணினிக்கு இம்முறையில் மின்வழங்கி செய்தவர் ரொட் ஹோல்ற். மின்விசிறியின் இரைச்சல் கூடாது என்பது ஸ்ரீவ் ஜொப்ஸின் பிடிவாதம். சூடு குறைந்தால்தான் விசிறியைத் தவிர்க்கலாம். ஹோல்ற்றின் பெட்டி 38 வாற் கொடுத்தது. பிற்காலத்தில் ஜொப்ஸ், உலகத்துக் கணினிகள் எல்லாம் ஹோல்ற்றின் வடிவமைப்பைத்தான் திருடின என்று பேசியது அவரது வாழ்க்கை வரலாற்று நூலிலும் பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்தத் தொழில்நுட்பம் அதற்கு முன்பே பலருடைய கைகளில் வளர்ந்துகொண்டிருந்தது. ஹோல்ற்றின் திறமைக்கு இதனால் குறைவில்லை. ஆனாலும் ஒருவர் சொன்னதையே வரலாறாக எழுதக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதற் பாடமல்லவா?

1981இல் ஐபிஎம் தனது முதலாவது தனியாள் கணினியை 63.5 வாற் மின்வழங்கியுடன் வெளியிட்டது. 1983இல் வந்த எக்ஸ்ரி கணினியில் அது 130 வாற் ஆயிற்று. அந்தக் கணினியில் 10 மெகாபைற் வன்தட்டு ஒன்று உள்ளே பொருத்தப்பட்டிருந்தது. சுழலும் தட்டுக்குத் தீனி வேண்டும் என்பது அன்றே தெரிந்த விடயம்.

1995இல் இன்ரெல் நிறுவனம் வகுத்த ஏரிஎக்ஸ் என்ற நியமம், திருத்தங்களோடு இன்றும் வழக்கில் இருக்கிறது. அதன்படி அமைந்த பெட்டியை எவரும் செய்யலாம். நன்மை அதுதான், தீமையும் அதுதான். போட்டியில் விலை குறைந்தது. வெளியே ஒட்டிய தாளில் வாற் கணக்கு ஏறியது, உள்ளே பாகங்கள் குறைந்தன. 2000களின் தொடக்கத்தில், மின்பகுபொருள் சரியில்லாத கொள்ளளவிகள் மேற்புறம் உப்பிக் கசிந்து, உலகெங்கும் கணினிகள் பழுதாகிய கதையும் இதே காலத்தியது.

2004இல் அமெரிக்காவில் ‘80 பிளஸ்’ என்ற தரச்சான்று தொடங்கியது. சுமை 20, 50, 100 சதவீதமாக இருக்கும்போது, பெற்ற மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதத்தை மின்வழங்கி பயன்படக் கொடுக்கவேண்டும் என்பது அதன் விதி. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற படிகள் 2008இல் சேர்ந்தன. ஆனால் இது சிக்கனத்துக்கான சான்று; பாதுகாப்புச் சுற்றுகளையோ ஆயுளையோ அது அளப்பதில்லை. தங்கம் என்ற எழுத்தைக் கண்டு மயங்குபவர்கள் இதை மனத்தில் வைத்திருக்கவேண்டும்.

இந்த வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு எனது புதிய கணினிக்குக் கணக்குப் பார்த்தேன். நான்கு வன்தட்டுகள். ஒவ்வொன்றும் சுழலத் தொடங்கும் சில வினாடிகளுக்கு 12 வோல்ற்றில் ஏறத்தாழ 2 அம்பியர், அதாவது 24 வாற் கேட்கும். நான்கும் ஒன்றாக எழுந்தால் நூறு வாற் அளவு. சுழலத் தொடங்கியபின் ஒவ்வொன்றுக்கும் ஐந்திலிருந்து எட்டு வாற் போதும். ஏனைய பாகங்களையும் சேர்த்தால், நாள் முழுவதும் அறுபது வாற் அளவிலேயே கணினி ஓடும். இதற்கு 750 வாற் பெட்டி வாங்கினால் அது பத்திலொரு பங்குக்கும் குறைந்த சுமையில் கிடக்கும். பெரும்பாலான தரச்சான்றுகள் அளந்தே பார்க்காத இடம் அது. ஆகவே, தரமான 350 வாற் பெட்டி ஒன்றே தாராளம் என்று முடிவுசெய்தேன்.

வாற் கணக்கைவிட மூன்று விடயங்களையே முக்கியமாகப் பார்த்தேன். முதலாவது, மிகையழுத்தம் ஏற்பட்டால் தானே அணைந்துவிடும் பாதுகாப்பு. இரண்டாவது, சுவர் மின்சாரம் போனபின் தாக்குப்பிடிக்கும் நேரம். நல்ல பெட்டி 16 மில்லிசெக்கன் அளவு தாங்கும். யுபிஎஸ் தன் பற்றரிக்கு மாறுவதற்கு அது போதுமான அவகாசம். மூன்றாவது, வன்தட்டுகளுக்கான இணைப்பிகள் போதிய எண்ணிக்கையில் பெட்டியோடு வருவது. வேறொரு நிறுவனத்தின் வயரை, செருகி பொருந்துகிறது என்பதற்காக மாட்டக்கூடாது. முனைகளின் ஒழுங்கு மாறியிருந்தால் தட்டுகள் அந்தக் கணமே போய்விடும்.

பல தட்டுகளில் தரவைப் பரப்பிவைக்கும் ரெயிட் முறையை 1988இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மூவர் விரிவாக எழுதினார்கள். ஒரு தட்டு செத்தால் மற்றவை காப்பாற்றும் என்பது அதன் தத்துவம். ஆனால் எல்லாத் தட்டுகளும் ஒரே மின்வழங்கியில் தொங்கினால், அந்த ஒன்றின் விதியே எல்லாவற்றின் விதியுமாகிறது. எனக்கு நடந்தது அதுதான்.

1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 நூல்கள் சாம்பலாகியிருந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. ஒரே கூரையின்கீழ் எல்லாவற்றையும் வைப்பதன் விலையை எங்கள் சமூகத்தைவிட நன்றாக அறிந்தவர் யார்? அறிந்திருந்தும் நான் அதையே செய்தேன்.

2002 போர்நிறுத்த ஒப்பந்த காலத்தில் நான் எடுத்த படங்களில் ஒரு பகுதி, முன்பு மருமகனுக்கு இறுவட்டில் அனுப்பியிருந்ததால் தப்பியது. வன்னியில் அப்போது பேசிப் பதிவுசெய்த சில முதியவர்களின் குரல்கள் தப்பவில்லை. அவர்களில் எவரும் இன்று உயிரோடில்லை.

புதிய பெட்டி இப்போது மேசைக்கடியில் சத்தமின்றி இயங்குகிறது. 2025 பெப்ரவரியில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்ட ஞாயிற்றுக்கிழமையன்று, அது யுபிஎஸ்ஸில் சில நிமிடங்கள் ஓடி, ஒழுங்காகத் தானே அணைந்தது. மாலையில் திரும்ப எழுந்தது. ஒரு கோப்பும் குறையவில்லை. என்றாலும் மாதமொருமுறை ஒரு பிரதி ரொறன்ரோவுக்குப் போகிறது. நல்ல மின்வழங்கியை நம்பலாம். அதை மட்டும் நம்பியிருக்கக்கூடாது.