மதுரையின் வீதிகளும் மதில்களும்

பழைய நகரமென்றவுடன் கோபுரமும் அரண்மனையுமே நம் நினைவில் எழுகின்றன. ஆயினும் ஒரு நகரின் சரித்திரத்தை உள்ளபடி கூறுவன அதன் வீதிகளே. ஆலவாயென்றும் நான்மாடக்கூடலென்றும் போற்றப்பெறும் மதுரை மாநகரின் வீதிகளை நாம் ஒருமுறை மனத்தினால் வலம்வருவோமாக.

மதுரையைத் தாமரை மலராகவும் அதன் தெருக்களை இதழ்களாகவும் கண்டது பரிபாடல். இன்று காணப்படும் அமைப்பு 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலந்தொட்டு உருவானது. அங்கயற்கண்ணி ஆலயத்து மதிலினுள்ளே ஆடி வீதியும், அதன் புறத்தே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்பனவும் ஒன்றையொன்று சூழ்ந்து நாற்புறமும் அமைந்துள்ளன. இவற்றுள் மாதப் பெயர் கொண்ட வீதிகள் அவ்வம்மாதத் திருவிழாக்களை ஒட்டியே பெயர்பெற்றன. அப்படியாயின் சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுவானேன்? முன்பு மாசியில் நிகழ்ந்த விழாவைத் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றினார் என்பர். மாதம் மாறியும் தேரோடும் வீதி மாறவில்லை.

இவ்வீதிகளுக்கிடையே தொழிலாலும் குலத்தாலும் சமயத்தாலும் வேறுபட்டோர் தத்தமக்கெனத் தெருக்கள் அமைத்து வாழ்ந்தனர். வளையற்காரத் தெரு, வெண்கலக்கடைத் தெரு என்னும் பெயர்களே அதற்குச் சான்று. திருமலை நாயக்கர் மகாலைச் சூழச் சௌராட்டிரப் பட்டு நெசவாளர் குடியேறினர். தெற்காவணி மூல வீதியில் திருஞானசம்பந்தர் பெயரால் விளங்கும் ஆதீனம் உளது. காஜிமார் தெருப் பள்ளிவாசலோ பாண்டியர் காலத்ததென்பர். 1764இல் தூக்கிலிடப்பட்ட கான்சாகிப்பின் பெயர் கான்சாமேட்டுத் தெருவில் நிலைத்திருக்கிறது.

இத்தனை தெருக்களையும் அணைத்து நின்றது நாயக்கர் கட்டிய கோட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் அதனை இடித்து, அகழியைத் தூர்க்கச் செய்தார். மதில் நின்ற இடத்தில் புதிய வீதிகள் தோன்றின. ஊர் வெளியே பரந்தது. அவர் நினைவாக நாட்டிய விளக்குத்தூண் பின்னர் அப்பகுதிக்கே பெயராயிற்று.

கல்மதில் வீழ்ந்தது, கண்ணுக்குப் புலனாகாத மதிலொன்று மாத்திரம் வீழவில்லை. நான்கு மாசி வீதிகளிலும் வலம்வந்த அம்மையின் சந்நிதிக்குள், தாழ்த்தப்பட்டோரென ஒதுக்கப்பட்ட அடியார் அடிவைத்தலாகாதென்ற தடை அதன்பின்னும் நூறாண்டளவு நீடித்தது. 1939ஆம் ஆண்டு யூலை 8ஆந் திகதி, அந்தணர் குலத்தவராகிய வைத்தியநாத ஐயர், கக்கன் முதலிய ஒடுக்கப்பட்ட அன்பர்களை உடன்கொண்டு ஆலயத்துட் புகுந்தார். அர்ச்சகர் சிலர் பணிசெய்ய மறுத்தனர், வழக்குகளும் எழுந்தன. எனினும் திறந்த கதவு திறந்தபடியே நின்றது. அவ்வாண்டே சென்னை அரசாங்கம் ஆலயப் பிரவேசத்திற்குச் சட்டப் பாதுகாப்பளித்தது. 1921இல் மேலமாசி வீதி இல்லமொன்றில் அரையாடை பூண்ட காந்தியடிகள், 1946இல், எல்லார்க்கும் திறந்துவிட்ட அத்திருக்கோயிலுட் சென்று வழிபட்டார்.

இது பிறர் ஊர்க் கதையென்று நாம் இருந்துவிடலாமா? நம் நாட்டிலே, 1968இல், மாவிட்டபுரம் கந்தன் வாயிலில் இதே உரிமைக்காக மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தமையைப் பெரியோர் அறிவர். இளைஞர் அறிதல் வேண்டும். தேர்வடத்திற்கு எல்லாக் கைகளும் வேண்டுமெனின், சந்நிதியில் எல்லாக் கைகளும் கூப்புதற்கு இடமும் வேண்டுமன்றோ?

கோட்டை மதிலை இடிக்கக் கடப்பாரை போதும். மனமதிலை இடிப்பதற்கோ அன்பும் அஞ்சாமையும் வேண்டும். அதனைத் தொடங்கும் இடம் நாம் வாழும் தெருவே. இளைஞர் கரங்கள் அப்பணியில் முந்துவனவாகுக. பெரியோர் ஆசி அவற்றிற்குத் துணையாகுக.