அந்நியன், விருந்தினன், பகைவன்: ஒரு வேரின் கதை

அகதிகளைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதுவனவற்றை வாசிக்கும் எம்மவர் இரு சொற்களை அடிக்கடி எதிர்கொள்வர். இடமளித்த நாட்டை ‘ஹோஸ்ற்’ என்பர். வந்தோரை வெறுக்கும் போக்கை ‘ஹொஸ்ரைல்’ என்பர். முன்னது விருந்தளிப்போரைச் சுட்டும். பின்னது பகைமையைச் சுட்டும். எழுத்திலும் ஒலியிலும் இத்துணை நெருங்கிய சொற்கள் பொருளில் எதிரெதிரே நிற்பது தற்செயலன்று.

முதற்சொல் இலத்தீன் மொழியின் ‘ஹொஸ்பெஸ்’ என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு மொழியூடாக ஆங்கிலத்தை அடைந்தது. ஹொஸ்பிற்றல், ஹொஸ்ரல், ஹோட்டல் யாவும் அதன் வழித்தோன்றல்களே. இரண்டாவது ‘ஹொஸ்ரிஸ்’ என்பதிலிருந்து பிறந்தது. எனினும் ‘ஹொஸ்பெஸ்’ என்பதன் முற்பகுதியிலேயே ‘ஹொஸ்ரிஸ்’ மறைந்துள்ளது என்பது மொழிநூலார் துணிபு. அதன் ஆதிப்பொருள் அந்நியன். விருந்தினரைக் குறிக்கும் ‘கெஸ்ற்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அவ்வேரிலிருந்து கிளைத்ததே. தமிழில் ‘விருந்து’ என்பதன் முதற்பொருள் புதுமை என்பதை வாசகர் இங்கு நினைவுகூரலாம். பழகிய உறவினரையன்று, புதிதாய் வந்தவரையே எம் முன்னோர் விருந்தினர் என்றனர்.

உரோமாபுரியில் அந்நியன் பகைவனானது எவ்வாறு? கி.மு. 44இல் எழுதிய ‘கடமைகள்’ என்னும் நூலில் சிசரோ இதற்கு விடை கூறுகிறார். முன்னோர் காலத்தில் ‘ஹொஸ்ரிஸ்’ என்றால் பிறநாட்டான் என்பதே பொருள் என்று கூறி, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பன்னிரு பலகைச் சட்டத்தைச் சான்று காட்டுகிறார். போர்க்களத்து எதிரிக்கு ‘பெர்துவெல்லிஸ்’ என வேறு பெயர் இருந்தது. அக்கடுஞ்சொல்லைத் தவிர்த்து எதிரியையும் மென்மையான பெயரால் அழைத்தமை முன்னோரின் பெருந்தன்மை என்பது அவர் கருத்து. காலப்போக்கில் அம்மென்மை தேய்ந்தது. ஆயுதம் ஏந்தி வருபவன் என்ற பொருளே எஞ்சியது. சிசரோ இதிற் பெருந்தன்மையைக் கண்டார். எமக்கோ அந்நியன் தன் பெயரை இழந்ததே தெரிகிறது.

அதே உரோமர் விருந்துறவைத் தலைமுறை தலைமுறையாகப் பேணியோருமாவர். உறவு பூண்டோர் அடையாளத் துண்டொன்றை வைத்திருப்பர். பிற்காலத்தில் அதைக் காட்டினால் கதவு திறக்கும். புளோற்றஸ் எழுதிய நாடகமொன்றில், கடல் கடந்து வந்த கார்த்தேஜ் முதியவர் அத்துண்டைக் காட்டி வரவேற்புப் பெறுகிறார். கார்த்தேஜ் உரோமின் பரம வைரி என்பதை மறக்கலாகாது.

ஆங்கிலத்தில் ‘ஹோஸ்ற்’ என்பதற்குப் படை என்ற பொருளும் உண்டு. அது ‘ஹொஸ்ரிஸ்’ வழி வந்த வேறு சொல். தமிழ் விவிலியத்தின் ‘சேனைகளின் கர்த்தர்’ என்னும் தொடரில் ஆங்கில விவிலியம் ஆள்வது அதனையே. அதனை விருந்துகளின் கர்த்தர் என்று பெயர்த்த மாணாக்கரும் உளர்!

அகதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் பிரெஞ்சு மொழி தந்ததே. 1685இல் பதினான்காம் லூயி மன்னன் நான்ற் நகர ஆணையை நீக்கியதும், ஹியூகனோ எனப்பட்ட புரட்டஸ்தாந்தர் நாட்டைவிட்டு ஓடினர். ஆங்கிலேயர் அச்சொல்லால் முதலில் அழைத்தது அவர்களையே. அவர்களுட் பட்டு நெசவாளர் பலர் இலண்டனின் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியிற் குடியேறினர். அவ்விடப் பெயரிலும் ‘ஹொஸ்பெஸ்’ ஒளிந்துள்ளது: 1197இல் அங்கு நிறுவப்பட்ட ஹொஸ்பிற்றலே ‘ஸ்பிற்றல்’ எனக் குறுகியது. 1743இல் அருகே அவர்கள் எழுப்பிய தேவாலயம் பின்னர் யூதர்களின் தொழுகைக்கூடமாகி, 1976இல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாயிற்று.

அதே நாட்டில், 2012இல், உள்துறை அமைச்சராயிருந்த தெரேசா மே, சட்டவிரோதக் குடிவரவுக்கு எதிராக ‘ஹொஸ்ரைல்’ சூழலை உருவாக்குவதே தம் நோக்கம் என்றார். 2014ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், வாடகைக்கு வருவோரின் வதிவிட உரிமையைச் சோதிக்கும் கடமையை வீட்டுச் சொந்தக்காரர் மீதே சுமத்தியது. 2018இல் அப்பதவிக்கு வந்த சஜித் ஜாவிட் அச்சொல்லைக் கைவிட்டார். வீட்டுச் சொந்தக்காரர் பத்திரங்களைப் பார்ப்பது அதன் பின்னரும் தொடர்ந்தது.