சிலேட்டிலிருந்து கைத்தொலைபேசி வரை

பதுளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது 1924இல். அக்காலத்தில் ஊவாத் தோட்டங்களில் கணிதக் கருவி என்றால் சிலேட்டும் குச்சியும்தான். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமாரிடம் விட்டிருந்தது. விஞ்ஞானத்தை எட்டுமுன்பே பிள்ளையின் படிப்பு முடிந்து, கொழுந்துக்கூடை தோளேறிவிடும்.

நகரத்தில் படித்த நமக்கு ஆய்வுகூடம் கிடைத்தது. மடக்கை அட்டவணையும் கவராயமும் நம் கையில் இருந்தன. பரிசோதனைக் குழாய்களோ அலுமாரியில் பூட்டியிருந்தன. ஆசிரியை முன்மேசையில் செய்துகாட்ட, பின்வரிசையினர் எட்டிப்பார்த்தே பௌதிகமும் இரசாயனமும் கற்றோம்.

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். 1980களில் சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன. ஆசிரியர் பயிற்சியும் நடந்தது. நம்மில் சிலர் ஆசிரியைகளாகத் தோட்டங்களுக்குச் சென்றது அதன் பிறகே. வெண்கட்டியும் வெற்றுப் போத்தலும் தேயிலைச் சாயமும் கொண்டு விஞ்ஞானம் கற்பித்தோம்.

2000களில் கணினி கற்றல் நிலையங்கள் வந்தன. அடுத்த பத்தாண்டில், நாடெங்கும் 1,000 இடைநிலைப் பாடசாலைகளை மேம்படுத்தும் திட்டத்தில் மகிந்தோதய ஆய்வுகூடங்கள் அமைந்தன. ஆயினும் தமிழில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆளில்லாத இடத்தில் கணினிகள் உறை போர்த்தியே கிடந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. லயத்துக் குடும்பத்தில் கைத்தொலைபேசி ஒன்று, பிள்ளைகள் மூவர். அதுவும் தகப்பனார் வேலைவிட்டு வந்த பிறகுதான். நமது மாவட்டத்துப் போகிட்டியாவ கிராமத்தில் ஓர் ஆசிரியையும் பிள்ளைகளும் சிக்னல் தேடிக் காட்டுவழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து மலைப்பாறை ஏறிய செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. உலகம் வியந்தது. நமக்கு அது புதிதல்ல.

இன்று விலையில்லாக் கருவிகள் உண்டு. கேத்திரகணித வரைபடங்களை அசைத்துக் காட்டும் ஜியோஜீப்ரா 2001இல் ஒஸ்திரியாவில் தொடங்கியது. மின்சுற்று, விசை, அமிலம் ஆகியவற்றைத் திரையிலேயே செய்துபார்க்க உதவும் பெட் பாவனையாக்கங்களை அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் தருகிறது. அவற்றில் சில தமிழிலும் உண்டு. நகரத்தில் ஒருமுறை தரவிறக்கிக்கொண்டால், பிறகு இணையம் இல்லாமலே இயங்கும். சிக்னல் ஏறாத மலைக்கும் ஆசிரியையின் பையில் ஏறிப் போகலாம்.

நூறாண்டு நமக்குக் கற்றுத்தந்தது இதுதான்: கருவி எதுவானாலும், அதைத் தமிழில் விளக்க ஒருவர் பிள்ளையின் பக்கத்தில் நிற்க வேண்டும். கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் சகோதரிகளே, பழைய மடிகணினி ஒன்றை அனுப்புங்கள், நன்றியோடு ஏற்போம். அதோடு, உயர்தர விஞ்ஞானம் கற்ற நீங்கள் வாரத்தில் ஒரு மணிநேரமும் தாருங்கள். அன்று பின்வரிசையில் நின்று எட்டிப்பார்த்த நாம், இன்று ஒரு தோட்டப் பிள்ளையை முன்வரிசைக்கு அழைத்துவரலாம்.