அறுவைச் சிகிச்சை இடர்க் கணிப்பிகளின் வரலாறு

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒரு நோயாளிக்குச் சிக்கல் நேருமா, உயிரிழப்பு நேருமா என்பதை எண்ணளவில் முன்கூட்டிச் சொல்லும் கருவிகள் இடர்க் கணிப்பிகள் எனப்படுகின்றன.

இத்துறையின் தொடக்கம் ஒரு மறுப்பில் அமைந்தது. 1941 இல் அமெரிக்க மயக்க மருத்துவர்களான மேயர் சாக்லட், ரோவன்ஸ்டைன், டெய்லர் ஆகியோர் நோயாளிகளை உடல்நிலைப்படி வகைப்படுத்தும் முறையொன்றை உருவாக்கினர். அறுவையின் இடரை அளப்பது அவர்களின் நோக்கம் அன்று. செய்யப்படும் அறுவை எது, செய்பவரின் திறன் எத்தகையது என்பவற்றைப் பொறுத்து இடர் மாறும் என்பதால் அதை ஒரே அளவுகோலில் அடக்க இயலாது என்று கருதினர். ஆயினும், பின்னர் திருத்தப்பட்ட ஏ.எஸ்.ஏ. வகைப்பாடு உலகெங்கும் இடரைச் சொல்லவே பயன்படலாயிற்று.

1977 இல் லீ கோல்ட்மன் குழுவினர் 40 வயதைக் கடந்த 1,001 நோயாளிகளை ஆராய்ந்து, இதயம் அல்லாத அறுவைகளில் இதயச் சிக்கலைக் கணிக்க ஒன்பது காரணிகள் கொண்ட மதிப்பெண் முறையை வெளியிட்டனர். பெருந்தமனி அறுவைக்கு உட்பட்டவர்களிடம் அதைச் சோதித்தபோது, இடர் குறைவு என்று குறிக்கப்பட்டவர்களுக்கும் எதிர்பார்த்ததைவிட அதிகச் சிக்கல்கள் நேர்ந்தன. 1999 இல் தாமஸ் லீ குழுவினர் காரணிகளை ஆறாகக் குறைத்தனர். எளிமை காரணமாக அம்முறை நிலைபெற்றது.

துல்லியம் பற்றிய சிக்கலைத் தெளிவாகக் காட்டுவது பாசம் என்னும் மதிப்பெண் முறையே. 1991 இல் இங்கிலாந்தில் கோப்லண்ட் குழுவினர் வெளியிட்ட இம்முறையில் உடலியங்கியல் காரணிகள் 12, அறுவை சார்ந்தவை 6. எந்தக் குறையுமற்ற ஒருவர் மிகச் சிறிய அறுவைக்கு வந்தாலும், இதன் சூத்திரம் தரும் இறப்பு வாய்ப்பு 1.08 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காது. குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொள்ளும் நலமான இளைஞர்களில் நூற்றுக்கு ஒருவர் இறப்பார் என்பது நடைமுறைக்குப் பொருந்தாத கணக்கு. இப்பிழை நோயாளியை அச்சுறுத்துவதோடு நிற்கவில்லை. மருத்துவமனைகளின் தரத்தை ஒப்பிட இம்முறை பயன்பட்டதால், எதிர்பார்க்கப்படும் இறப்புகள் மிகையாக இருந்தால் குறையுள்ள மருத்துவமனையும் சிறந்ததாகத் தோன்றும். போர்ட்ஸ்மத் நகர ஆய்வாளர்கள் சூத்திரத்தைத் திருத்தி 1998 இல் பி-பாசம் முறையை வெளியிட்டனர். அதன்படி மிகக் குறைந்த வாய்ப்பு ஏறத்தாழ 0.2 விழுக்காடு.

சரியாகச் செய்யப்பட்ட கணிப்பியும் காலப்போக்கில் பிழைபடும். ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் 1995 இல் திரட்டிய தரவுகளைக் கொண்டு இதய அறுவைக்கென யூரோஸ்கோர் உருவாக்கப்பட்டது. அறுவை முறைகள் மேம்பட இறப்புகள் குறைந்தன. கணிப்போ பழைய அளவிலேயே நின்றது. ஆகவே 2012 இல் யூரோஸ்கோர் 2 வெளியானது.

2013 இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி 393 மருத்துவமனைகளின் 14 இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைக் கொண்டு இணையக் கணிப்பியை அறிமுகப்படுத்தியது. இறப்பைக் கணிப்பதில் அதன் பிரித்தறியும் அளவை 0.944. அதாவது, இறந்தவர் ஒருவரையும் பிழைத்தவர் ஒருவரையும் இணையாக எடுத்துக்கொண்டால், நூற்றில் சுமார் 94 இணைகளில் இறந்தவருக்கே கூடுதல் இடரைக் கணித்திருக்கும். சிக்கல்களைப் பொறுத்தவரை இவ்வளவை 0.816 மட்டுமே. இவ்வெண்களை அப்படியே புகழ்ச்சியாகக் கொள்ளலாகாது. சிறு அறுவைக்கு வரும் இளைஞரையும் பேரறுவைக்கு வரும் முதியவரையும் ஒரே தொகுப்பில் வைத்தால் இருவரையும் பிரித்தறிவது எளிது. ஒரே வகை அறுவைக்கு வரும், ஒத்த வயதும் நோயும் உடையவர்களிடையே வேறுபாடு காண்பதே கடினம். அத்தகைய சோதனைகள் பலவற்றில் இக்கணிப்பியின் திறன் குறைந்தே காணப்பட்டது. மேலும், வரிசைப்படுத்துவதில் தேர்ந்த கணிப்பி, விழுக்காட்டைச் சொல்வதில் தவறலாம். பாசத்தில் நேர்ந்ததும் இதுவே.

அறுவை மருத்துவர் தம் அனுபவத்தைக் கொண்டு கணிப்பைத் திருத்தவும் அக்கருவியில் இடம் அளிக்கப்பட்டிருந்தது. இடர் ஓரளவு கூடுதல், மிகவும் கூடுதல் என இரு படிகளில் எண்ணை உயர்த்தலாம். குறைப்பதற்கு வழி இல்லை.