எல்லை வகுக்காத கடலில் எடுத்த எரிவாயு

நிலத்தில் வேலி போடலாம், கல் நடலாம். கடலின் மேல் அவ்வாறு செய்ய இயலாது. கடலடிப் பாறைகளின் நுண்துளைகளில் அடைபட்டுக் கிடக்கும் எரிவாயுவோ, வரைபடத்தில் மனிதன் இழுத்த கோட்டைச் சற்றும் அறியாது. ஒரு பக்கத்தில் கிணறு துளைத்தால், மறுபக்கத்து வாயுவும் அழுத்தம் குறைந்த இடத்தை நாடி வந்துவிடும். ஆகவே, எல்லை தெளிவுபடாத கடலில் எரிவாயு வயல் ஒன்றை உருவாக்குவது பொறியியலாரின் பணியாவதற்கு முன்னர் அரசியலாரின் பணியாகிறது. இதனை விளக்கும் நல்லதொரு வரலாறு நம் நாட்டின் வடகிழக்குக் கடலிலேயே நிகழ்ந்துள்ளது.

கிளந்தானுக்கும் தென் தாய்லாந்துக்கும் இடையே ஓடும் கோலோக் ஆறு கடலில் கலக்குமிடத்தில் நில எல்லை முடிகிறது. அதற்கப்பால் கடலடித் தரையை எவ்வாறு பிரிப்பது என்பதே வழக்கு. தாய்லாந்துக் கரையிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் கோ லோசின் என்னும் சிறு பாறை ஒன்று உண்டு. நீர்மட்டத்துக்கு மேல் ஓர் ஆள் உயரம்கூட இல்லாத அப்பாறையில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறதே தவிர, மனிதர் எவரும் வாழ்வதில்லை. அதனைத் தீவெனக் கொண்டு எல்லையை அளக்க வேண்டும் என்றது தாய்லாந்து. பாறையைக் கணக்கில் சேர்க்கலாகாது என்றது மலேசியா. இரு கோடுகளுக்கும் இடையில் ஏறத்தாழ 7,250 சதுரக் கிலோமீட்டர் கடற்பரப்பு இருவர்க்கும் உரியதாகவும், ஒருவர்க்கும் உரியதன்றாகவும் நின்றது.

மனிதர் குடியிருக்க இயலாத பாறைகளுக்குக் கண்டத்திட்டு உரிமை இல்லை என்னும் விதி, 1982ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கையில்தான் இடம்பெற்றது. அதற்கு முன்பே இரு நாட்டுத் தலைவர்களும் வேறு வழியைத் தேர்ந்துவிட்டனர். 1979 பிப்ரவரி 21ஆம் நாள் சியாங் மாய் நகரில், நம் பிரதமர் துன் உசேன் ஓனும் தாய்லாந்துப் பிரதமர் கிரியாங்சாக் சமனனும் ஓர் ஒப்பந்தக் குறிப்பில் கையொப்பமிட்டனர். எல்லைப் பூசலை ஒருபுறம் வைப்போம். ஐம்பது ஆண்டுகளுக்கு இக்கடலின் செல்வத்தையும் செலவையும் சரிபாதியாகப் பகிர்வோம் என்பதே அதன் சாரம். எவரும் தம் உரிமைக் கோரிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. பூசலைத் தீர்க்காமலே பூசலின் தீமையைத் தீர்த்த முறை இது எனலாம்.

ஆயினும், கையொப்பமிட்ட மறுநாளே கிணறு தோண்டிவிட முடியவில்லை. தாய்லாந்தில் நிறுவனங்களுக்குக் கடற்பகுதிகளைச் சலுகை உரிமமாக வழங்கும் முறை இருந்தது. அப்பரப்பிலேயே சில உரிமங்கள் முன்னரே வழங்கப்பட்டும் இருந்தன. மலேசியாவிலோ 1974ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டத்திற்குப் பின், உற்பத்திப் பங்கீட்டு முறை வழக்கத்திற்கு வந்திருந்தது. இரண்டையும் ஒரே கடலில் எவ்வாறு பொருத்துவது? பதினோர் ஆண்டுகள் பேச்சு நீண்டது. 1990 மே 30ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது; பங்கீட்டு முறையே ஏற்கப்பட்டது. 1991இல் மலேசிய-தாய்லாந்துக் கூட்டு ஆணையம் அமைந்தது. அதில் இரு நாடுகளுக்கும் சம எண்ணிக்கையில் உறுப்பினர், தலைவர்களும் இருவர். உற்பத்தியில் நூற்றுக்குப் பத்து உரிமைத்தொகை. நூற்றுக்கு ஐம்பது வரையில் நிறுவனத்தின் செலவுக்கு ஈடு. எஞ்சிய இலாபம் ஆணையத்துக்கும் நிறுவனத்துக்கும் சரிபாதி எனக் கணக்கு வகுக்கப்பட்டது. 1994இல் நிறுவனங்களுடன் ஒப்பந்தங்கள் கையொப்பமாயின.

இங்கு எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் உணர வேண்டும். எண்ணெயை எடுத்துக் கப்பலில் ஏற்றி, வாங்குவோரைத் தேடிச் செல்லலாம். எரிவாயுவை அவ்வாறு எளிதில் செய்ய இயலாது. முதலில் வாங்குவோர் வேண்டும். பின்னர் குழாய் வேண்டும். அதன் பின்னரே கிணறு பயன்தரும். 1997இல் ஆசிய நாணய நெருக்கடி மூண்டபோது எரிபொருள் தேவை சுருங்கியது, திட்டமும் தளர்ந்தது. 1999 அக்டோபர் 30ஆம் நாளே எரிவாயு விற்பனை ஒப்பந்தம் நிறைவேறியது. மேலும், இவ்வயல்களின் வாயுவில் கரியமில வாயு மிகுதியாகக் கலந்திருந்தது. அதனை மெல்லிய சவ்வுகளின் வழியே பிரித்தெடுக்கும் பெரும் பொறியமைப்பைக் கடல் மேடையிலேயே நிறுவ வேண்டியதாயிற்று.

திட்டமிட்டோர் ஒன்றை மட்டும் பிந்தியே எண்ணினர். குழாய் கரையேறும் இடம் தாய்லாந்தின் சொங்க்லா மாநிலத்துச் சானா. அங்கு வாழ்வோர் பெரும்பாலும் மீனவர், சிற்றூர் மக்கள். விற்பனை ஒப்பந்தம் முடிந்த பின்னரே, 2000ஆம் ஆண்டில், அவர்களிடம் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. முடிவு செய்த பின் கருத்துக் கேட்பது எதற்கு என அம்மக்கள் வினவினர். 2002 டிசம்பர் 20ஆம் நாள் ஹாட்யாய் நகரில் எதிர்ப்பாளர்க்கும் காவல் துறைக்கும் மோதல் மூண்டது, பலர் காயமுற்றனர். அமைதியாகக் கூடும் மக்களின் உரிமை மீறப்பட்டது எனப் பின்னாளில் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு அரசுகளிடையே பதினோர் ஆண்டுகள் காட்டப்பட்ட பொறுமையில் ஒரு பங்கேனும் அக்கரை மக்களிடமும் காட்டப்பட்டிருக்கலாம். இவ்வரலாற்றின் கசப்பான பகுதி இதுவே.

2005ஆம் ஆண்டில் எரிவாயு கரையேறியது. சானாவில் அது பிரித்துத் தூய்மையாக்கப்பட்டு, ஒரு பகுதி தாய்லாந்தில் தங்க, மறுபகுதி நிலக்குழாய் வழியே எல்லை கடந்து, கெடாவின் சங்லுன் ஊரை அடைந்து, தீபகற்பக் குழாய்வழியோடு இணைந்தது. 2010இல் இரண்டாம் தொகுதி வயல்களும் உற்பத்தியைத் தொடங்கின.

முதலில் வாயு தந்த வயலின் பெயர் சக்கரவாலா. வான்வெளியைக் குறிக்கும் இம்மலாய்ச் சொல் வடமொழி வழி வந்தது. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு அது அயற்சொல்லாகத் தோன்றாது. உலகனைத்தையும் வளைத்து நிற்கும் பெருவட்டத்தைச் சுட்டிய சொல், எல்லைக் கோட்டினால் பிளவுபடாத ஒரு வயலுக்குப் பெயராய் அமைந்தது பொருத்தமே.

1979 முதல் 2005 வரை இருபத்தாறு ஆண்டுகள். வீண் தாமதம் என்று கூறுவாரும் உளர். ஆனால், அவ்வாண்டுகளில் அக்கடலின் பொருட்டு இரு நாடுகளும் போர் தொடுக்கவில்லை. 1992இல் வியட்நாமுடன் இத்தகைய மற்றோர் ஏற்பாட்டை நம் நாடு செய்துகொள்ளவும் இவ்வனுபவம் முன்மாதிரியாய் நின்றது. ஐம்பதாண்டுத் தவணை 2029இல் முடிவுறும். அதற்குள் எல்லை தீரவில்லையெனில், இவ்வேற்பாடே தொடரும் என்று முதற் குறிப்பிலேயே எழுதிவைத்துள்ளனர். தம் காலத்தில் தீராத வழக்கைத் தம் மக்கள் சண்டையாக மாற்றிவிடாதபடி காத்துவைத்த அறிவு அது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது நம் முதுமொழி. பொறுத்தவர் கடலையும் ஆளலாம் என இவ்வரலாறு காட்டுகிறது. ஆனால் அப்பொறுமை அண்டை அரசிடம் மட்டுமன்றி, கரையில் வலை உலர்த்தும் எளியவரிடமும் காட்டப்பட்டால்தான் அந்த ஆட்சி அறத்தின்பாற்படும்.